பூதம் டீச்சரின் வெள்ளிக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. அதுவும் சுற்றறிக்கை நோட்டில் வந்தது. பத்தாம் வகுப்பில் மாதத் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர், வாசலில் பியூன் நிற்பதைப் பார்த்து வழக்கம்போல் கையை மட்டும் நீட்டினார். பியூன் நோட்டைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் வெளிய வந்து படிங்க டீச்சர்.”

வராந்தாவில் நின்று படித்தார். பச்சை மையில் மூன்று பத்திகள். எட்டாம் வகுப்பின் மொழிப்பாட ஆசிரியை இன்று காலை மாரடைப்பால் காலமானார் என்றது முதல் பத்தி. அதற்கு மேல் எழுத்துகள் கண்ணில் பட்டனவே தவிர உள்ளே இறங்கவில்லை. ஆனால் சுற்றறிக்கை நோட்டைக் கண்டால் தானாக வேலை செய்து பழகிய கை, தன் பெயருக்கு எதிரே கையெழுத்தைப் போட்டுவிட்டது.

“பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காங்க,” என்றார் பியூன். “பக்கத்துல நின்ன அம்மாகிட்ட, ‘இந்த பஸ் போகட்டும், அடுத்ததுல வர்றேன்’னு சொன்னாங்களாம். அடுத்தது வந்தப்ப எழுந்திருக்கல.”

கணக்கு டீச்சர் உள்ளே போய் மீதியிருந்த பதினோரு தாள்களையும் கொடுத்து முடித்தார். யார் பாஸ், யார் ஃபெயில் என்று அன்று யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலேயே பிள்ளைகளுக்கு விஷயம் பெரிசு என்று புரிந்துவிட்டது.

போனவரைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பூதம் டீச்சர் என்றுதான் சொல்லும். ஆள் என்னவோ குச்சி மாதிரி. காற்றடித்தால் குடையோடு சேர்ந்து பறந்துவிடுவார். அந்தக் குடையும் அவருடையதாக இருக்காது. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தந்ததாக அவர்மேல் யாரும் குற்றம் சாட்ட முடியாது. சோடாபுட்டிக் கண்ணாடி, பக்கத்து வகுப்பின் ஜன்னலை அதிரவைக்கும் குரல், மருந்துச் சீட்டு மாதிரி கையெழுத்து. காலை வணக்கக் கூட்டத்துக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. பாடம் எப்போதும் பாக்கி. மார்க் போடுவதில் கருமி. கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுவார்; அது பெரும்பாலும் சாக்பீஸாக இருந்தது பிள்ளைகளின் நல்ல நேரம்.

கணக்கு டீச்சருக்கு அவரைவிட இரண்டு வயது கூடுதல். ஆனால் பணியில் பூதம் டீச்சர்தான் நாலு வருஷம் மூத்தவர். யார் யாரை அக்கா என்று கூப்பிடுவது என்ற வழக்கு முதல் நாளே வந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிவரை இவர் அவரை அக்கா என்றார்; அவர் இவரை அக்கா என்றார். ஆசிரியர் அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதமாவது குழம்புவார்கள்.

பூதம் டீச்சரின் அம்மா பழைய பேப்பர் கடை வைத்திருந்தவர். எடை போட்டு வாங்கிய புத்தகங்களில் முழுசாக இருந்தவை வாசலுக்கு விற்பனைக்குப் போய்விடும். கிழிந்தவை, அட்டை போனவை, நடுவில் பாதி இல்லாதவை உள்ளறையில் மகளின் படுக்கைக்குப் பக்கத்தில் குவியும். ஆகவே பதினைந்து வயதுவரை அவர் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதைப்புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒரு ராஜகுமாரி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருப்பாள். ஏன் இறங்குகிறாள், ஏறினாளா இல்லையா, எதுவும் தெரியாது. மற்றதை இவரே யோசித்துக்கொள்ள வேண்டும். “முழுப் புத்தகம் படிக்கிறவங்க பாவம்கா,” என்பார். “அவங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டி விட்டுடறாங்க.”

பள்ளிக்கூடத்து நூலக அலமாரியில் சிறுவர்களுக்கான பழைய மாயக்கதை நாவல்கள் மூன்று இருந்தன. மூன்றும் அச்சில் இல்லாதவை; ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. ஓர் ஊரின் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு போய்விட்ட பூதத்தின் கதை ஒன்று. அந்தக் கதவுகளைப் பூதத்தின் முதுகிலேயே திறந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்துக்குள் போகும்; தங்கள் வீட்டுக் கதவைத் தேடி மூன்று பிள்ளைகள் கிளம்புவார்கள். இரண்டாவது, உப்பு ஏரிக்கு அடியில் இருந்த நகரத்தின் கதை. மூன்றாவது, எழுதப்படிக்கத் தெரிந்த காகத்தின் கதை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூதம் டீச்சர் இந்த மூன்றையும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து பிளேடால் முதுகை அறுத்தார். அவர் கணவர் பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து தோள்பையோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“லைப்ரரி புத்தகம்டி அது.”

“ஒரே புத்தகம், வகுப்புல நாப்பது பிள்ளைங்க. ஒரு பஸ்ஸை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“என்ன வேணா பண்ணுவேன். பஸ்ஸை அறுக்க மாட்டேன்.”

சொன்னாரே தவிர, மறுநாள் பைண்டிங் நூலும் தடித்த ஊசியும் வாங்கிவந்து கொடுத்தவரும் அவர்தான். கதவுக் கதையில் இருபத்து நாலு அத்தியாயம், ஏரிக் கதையில் இருபத்திரண்டு, காகத்தின் கதையில் இருபத்தொன்று. எல்லாம் தனித்தனிச் சிறு புத்தகமாயின. ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை. அத்தியாய எண், பக்க எண் எல்லாவற்றின்மேலும் கறுப்புக் காகிதம் ஒட்டினார். சரியான வரிசை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் அவருடையவை. வருஷத்துக்கு ஒரு நாவல். பள்ளி திறந்ததும் அத்தியாயங்கள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்படும். இந்த வருஷம் கதவுக் கதை, நாற்பத்தொரு பிள்ளைகள். பதினேழு அத்தியாயத்துக்கு இரண்டிரண்டு பேர், ஏழு அத்தியாயத்துக்கு ஒவ்வொருவர். சட்டம் ஒன்றே ஒன்று. அடுத்தவர் அத்தியாயத்தைத் தொடக்கூடாது, வாயால் கேட்கலாம். வகுப்பின் குறுக்கே ஒரு கயிறு. அதில் அத்தியாயங்களின் பெயர்ச் சீட்டுகள் துணிக் கிளிப்பில் தொங்கும். எது முன்னே, எது பின்னே என்று வாதாடி, ஜெயித்தவர் சீட்டை நகர்த்துவார். வருஷக் கடைசியில் கயிற்றில் தொங்குவதுதான் நாவல்.

அந்தப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசிக்கொள்வதைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும்.

“உன்னோடதுல கிழவி உயிரோட இருக்காளா?”

“இருக்கா. சூப் குடிக்கிறா.”

“என்னோடதுல அவளுக்குக் காரியமே முடிஞ்சிடுச்சு.”

“அப்ப நீ எனக்குப் பின்னாடி. தள்ளு.”

அண்ணன், அக்காக்கள் வரிசையைச் சொல்லிக்கொடுத்துவிட மாட்டார்களா என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். ஒருத்தரும் சொன்னதில்லை. தாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதை, தம்பி தங்கைகள் சும்மா வாங்கிக்கொண்டு போக எந்த அண்ணனும் விடுவதில்லை.

கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் வெட்டிவேலையாகத்தான் எட்டு வருஷம் தெரிந்தது. அவர் கண் அந்த இரண்டு பீரியடின்மேல் இருந்தது. எட்டாம் வகுப்பில் எந்த வருஷமும் கணக்குப் பாடம் முடியாது. இந்த வருஷம் பள்ளி திறந்த வாரமே தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்: வெள்ளிக்கிழமை ஏழாம், எட்டாம் பாடவேளைகளில் மாணவர்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பேய், பூதக் கதைகளில் பொழுதைக் கழிப்பதால், அவற்றைக் கணிதத்துக்கு ஒதுக்கித் தரவேண்டும். மூடிய உறையில் போட்டு நேரிலேயே கொடுத்தார். பதில் வரவில்லை.

ஏழெட்டு வாரம் கழித்து அந்த வகுப்பிலிருந்து பெரிய சத்தம் வந்தது. அடக்கலாம் என்று கணக்கு டீச்சர் எழுந்து போனார். கயிற்றடியில் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. வாயை மூடாத ஒரு பெண் உண்டு. டெம்போ டிரைவரின் மகள். வகுப்பில் பேர் ரேடியோ. அவளிடம் ஒரு தனி அத்தியாயம் இருந்தது. அதில் பூதத்துக்கும் காற்று அரசனுக்கும் பெரிய போர் நடப்பதாகவும், பூதம் நாலு கதவுகளை இழந்ததாகவும் சொல்லியிருந்தாள். மூன்று வாரமாக வகுப்பே அந்தப் போரை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் திண்டாடியது. பூதம் டீச்சர் மேஜைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

கணக்கு டீச்சர் வாசலில் நின்றபடியே கேட்டார். “போருக்கு முன்னாடி எத்தனை கதவு?”

முப்பத்தொன்று என்றார்கள். அதற்குப் பிறகு வருவதாகத் தெரிகிற மூன்று அத்தியாயங்களில் எத்தனை? பார்த்துச் சொன்னார்கள். மூன்றிலும் முப்பத்தொன்று.

“நாலு போச்சுன்னா இருபத்தேழு இருக்கணும். இல்ல. அப்ப போரே நடக்கல. ஏம்மா, புளுகினியா?”

ரேடியோ அசரவில்லை. “என் அத்தியாயத்துல மூணு பேரும் தூங்குறாங்க டீச்சர். ஒம்பது பக்கம் தூங்குறாங்க. அதை எப்படி எழுந்து நின்னு சொல்றது?”

வகுப்பு அவளைப் பிய்த்துப்போடப் பார்த்தது. பூதம் டீச்சர் மேஜையிலிருந்து இறங்கி வந்தார். “நல்ல போர். ஆனா கணக்கு உதைக்குது. பொய் சொல்றதுன்னா எண்ணிட்டுச் சொல்லு,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் திரும்பினார். “உள்ள வாங்கக்கா. வெளியில நின்னு எவ்வளவு நேரம் எண்ணுவீங்க?”

அன்றிலிருந்து கணக்கு டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. கடைசி பெஞ்சில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காருவார். இரண்டாவது வாரம் பூதம் டீச்சர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே ஆசிரியர் அறையில் சொன்னார்: “பேய், பூதம்னு எழுதிக் கேட்ட பீரியட்ல நீங்களே வந்து உக்காந்திருக்கீங்க. நல்லா இருக்குக்கா.” கணக்கு டீச்சர் கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தார். ஹெச்.எம். காட்டிவிட்டாரா, பூதம் டீச்சரே கோப்பில் பார்த்தாரா என்று கேட்கத் துணிவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று அன்றே நினைத்தார். பிறகு அது மறந்துபோனது. கோப்பில் கிடக்கிற காகிதம் என்ன செய்துவிடப் போகிறது என்றிருந்தார்.

ரேடியோவின் அப்பா ஒருமுறை சண்டைக்கு வந்தார். பூதம், பேய் என்று சொல்லி என் பெண்ணைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்.

“பயப்படுறாளா?” என்று கேட்டார் பூதம் டீச்சர்.

“பயந்தாப் பரவால்லையே. எந்தக் கதவைப் பாத்தாலும் தொறந்து பாக்குறா. மேல் வீட்டுல குடியிருக்கிறவங்க கதவைக்கூட.”

“தட்டிட்டுத் தொறக்கச் சொல்லுங்க. மத்தபடி அவ மேல தப்பில்லை.”

நூலக இருப்புச் சரிபார்க்க மேலிடத்திலிருந்து ஆள் வந்ததும் இந்த வருஷம்தான். பதிவேட்டில் உள்ள மூன்று நாவல்கள் இல்லை. பதிவேட்டில் இல்லாத அறுபத்தேழு சிறு நூல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் விளக்கம் தேவை என்று மெமோ வந்தது. ஆபீஸ் கிளார்க் நல்ல மனிதர். “கரையான் அரிச்சிடுச்சுன்னு ஒரு வரி எழுதுங்க டீச்சர். முடிச்சு விட்டுடறேன்,” என்றார்.

“நான் பண்ணினதைக் கரையான் தலையில கட்டச் சொல்றீங்களா?” என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அந்த மருந்துச் சீட்டுக் கையெழுத்தில் பூதம் டீச்சர் விளக்கம் எழுதினார்: புத்தகங்கள் தொலையவில்லை. பெருகியுள்ளன. மன்னிப்புக் கடிதம் கேட்டு இரண்டாவது மெமோ வந்தது. முதல் விளக்கத்தையே நகல் எடுத்து மறுபடி அனுப்பினார்.

இப்படிப்பட்டவர்தான் செவ்வாய்க்கிழமை அடுத்த பஸ்ஸுக்கு எழுந்திருக்காமல் போனவர்.

மதியம் ஆசிரியர் அறையில் சுற்றறிக்கை நோட்டு மேஜைமேல் கிடந்தது. கணக்கு டீச்சர் அப்போதுதான் மற்ற இரண்டு பத்திகளையும் படித்தார். இரண்டாவது, மூன்று மணிக்கு இரங்கல் கூட்டம். மூன்றாவது இது: கணித ஆசிரியையின் நிலுவையிலுள்ள விண்ணப்பம் ஏற்கப்பட்டு, எட்டாம் வகுப்பின் வெள்ளிக்கிழமை ஏழாம், எட்டாம் பாடவேளைகள் இவ்வாரம் முதல் கணிதத்துக்கு ஒதுக்கப்படுகின்றன, பிரிக்கப்பட்ட நூலகப் புத்தகங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அதற்குக் கீழே அவருடைய சொந்தக் கையெழுத்து, அழகாக, கோடு தாண்டாமல்.

இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் தழுதழுத்துத்தான் பேசினார். அன்பானவர் என்றார், அமைதியானவர் என்றார். “பாடத்தை ஒருநாளும் பாக்கி வைக்காதவர்,” என்று அவர் சொன்னபோது எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அழுது வீங்கின முகத்தோடு நாற்பத்தொரு பிள்ளைகள் சிரித்தார்கள். பி.டி. மாஸ்டர் விசிலை எடுத்தார். கணக்கு டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கூட்டம் முடிந்து ஹெச்.எம். அறைக்குப் போனார்.

“சார், அந்த விண்ணப்பத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“காலையிலதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“முதல் பத்தியை மட்டும் படிச்சிட்டுப் போட்டேன்.”

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. “நான் அவங்களுக்கு எதிரி இல்ல டீச்சர். இருந்தவரைக்கும் தொட்டேனா? அவங்க இருந்தாங்க, அவங்க வாய் இருந்துச்சு, சமாளிச்சாங்க. இப்ப அந்தப் பீரியட் யாருக்கு? வேற யாருக்கும் அது நடத்தத் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியுமா, சரியான வரிசை எதுன்னு?”

தெரியாது. கயிற்றில் அதுவரை பதினைந்து சீட்டுகள்தான் அசையாமல் நின்றன. மீதி ஒன்பதும் வாரத்துக்கு ஒரு இடம் மாறிக்கொண்டிருந்தன. கணக்கு டீச்சர் வெளியே வந்தார்.

மறுநாள் பூதம் டீச்சரின் இறுதிச் சடங்குகள் முடிந்தன. அதற்கும் அடுத்த நாள், வியாழக்கிழமை மாலை, கணக்கு டீச்சர் கதவுக் கதையின் அத்தியாயங்களைக் கேட்டு வாங்க அவர் வீட்டுக்குப் போனார். சிறிய வீடு. சாப்பாட்டு மேஜைமேல் யாரோ கொண்டுவந்த பழங்கள் பிரிக்காமல் கிடந்தன. மூத்த மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்டக்டர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விருந்தாளி இவரா அவரா என்று தெரியாத மாதிரி.

“அவ பையிலதான் எல்லாம் இருந்துச்சு,” என்றார். “தையல் விட்டுப்போனதைத் தைக்கணும்னு வகுப்புலேர்ந்து வாங்கிட்டு வந்திருந்தா. பையைக் குடுத்த போலீஸ்காரர், ‘என்ன சார், இவ்ளோ சின்னச் சின்னப் புத்தகம், கட்சி நோட்டீசா’ன்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்கண்ணே?”

“எங்க வீட்டுக் கதவுன்னு சொன்னேன். பாவம், என் தோளைத் தட்டிட்டுப் போயிட்டார். புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சிருப்பார்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவர் ரெக்சின் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொடுக்கவில்லை.

“யாருக்காகக் கேக்குறீங்க? ஆபீசுக்கா, பிள்ளைங்களுக்கா?”

“ஆபீசுல ஒப்படைக்கணும்னு உத்தரவுண்ணே.”

“அப்ப தரமாட்டேன். இது எங்க வீட்டு மேஜையில பண்ணினது. மெமோ குடுக்கட்டும் எனக்கு. எனக்கு எந்த ஹெச்.எம். இருக்கான்?”

கணக்கு டீச்சர் டீயைப் பார்த்தார். ஆடை படிந்திருந்தது. “அந்தப் பீரியடை எடுத்துக்குடுங்கன்னு எழுதிக் கேட்டவ நான்தான், தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுமே. சொன்னா. ‘பேயும் பூதமும் வேண்டாம்னு எழுதிட்டு முதல் ஆளா வந்து உக்காருது அக்கா’ன்னு சொல்லிச் சொல்லி இந்த வீட்டுல சிரிக்காத நாள் இல்ல.” அவர் பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினார். “உங்ககிட்ட ஒரு கேள்விதான்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“பிள்ளைங்களுக்குத்தான்ணே,” என்றார் கணக்கு டீச்சர்.

பை மடியிலிருந்து மடிக்கு மாறியது.

வெள்ளிக்கிழமை ஏழாம் பீரியட் மணி அடித்தது. எட்டாம் வகுப்பில் நாற்பத்தொரு கணக்கு நோட்டுகள் பெஞ்சின்மேல் விறைப்பாகத் திறந்திருந்தன. செய்தி எப்படியோ கசிந்திருக்கிறது. யாரும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. கயிறு இருந்தது, சீட்டுகளை ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

ரேடியோ மட்டும் எழுந்தாள். “டீச்சர், இது உங்க பீரியடாமே.”

“ஆமா.”

“நீங்கதான் கேட்டு வாங்கினீங்களாமே.”

“ஆமா. ஜூன்ல கேட்டேன். அப்ப எனக்குப் பூதத்தைத் தெரியாது.” பையை மேஜைமேல் கவிழ்த்தார். காக்கி அட்டைகள் சரிந்தன. “நோட்டை மூடுங்க. அவங்கவங்க அத்தியாயத்தை வந்து எடுத்துக்குங்க.”

ஒருவரும் அசையவில்லை. முன் பெஞ்சில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “வரிசை சரியா தப்பான்னு யார் டீச்சர் சொல்வா? அவங்க இல்லையே.”

“யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியாது.”

“பதினொண்ணாம் க்ளாஸ் அண்ணனுங்களுக்குத் தெரியும்,” என்றாள் ரேடியோ. “அவங்க எட்டாவது படிச்சப்பவும் இதே கதைதான். ஆனா கேக்க மாட்டோம்.”

“கேட்டாலும் குடுக்க மாட்டானுங்க,” என்றான் ஒருவன்.

“குடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்றேன்,” என்று அவனை முறைத்துவிட்டு ரேடியோ முதல் ஆளாக வந்து, தூங்குகிற மூன்று பிள்ளைகளின் ஒன்பது பக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். பிறகு பெஞ்சுகள் நகர்ந்தன.

கால் மணி நேரத்தில் சத்தம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பூதம் ஆற்றில் இறங்கியது கதவு நனைந்ததற்கு முன்னாலா பின்னாலா என்பதில் இரண்டு கட்சி. பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒருத்தன் வாதாடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹெச்.எம். நின்றார். அவன் இறங்கினான். வகுப்பு அடங்கியது.

“டீச்சர், இது கணக்குப் பீரியட்.”

“ஆமா சார்.”

“கணக்கைக் காணோமே.”

“இன்னிக்கு இல்ல சார்.”

அவர் கயிற்றைப் பார்த்தார். மேஜையில் காலியாகக் கிடந்த ரெக்சின் பையைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்கும் தெரியும். குரலைத் தணித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே கூப்பிட்டார்.

“சரி, விடுங்க. எத்தனை கதவு, எது முன்னாடி, எது பின்னாடின்னு எண்ணத்தானே செய்யறீங்க? வேலைப் பதிவேட்டுல ‘தர்க்கமுறைப் பயிற்சி’ன்னு ஒரு வரி போட்டுடுங்க. நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன். புத்தகம் இன்னும் வந்து சேரலைன்னு ஆபீசுல சொல்லிக்கிறேன். யாருக்கும் தொந்தரவில்லை.”

நல்ல வழிதான். ஒரே ஒரு வரி. அதைப் போட்டால் இந்த வருஷம் தப்பிக்கும். ஒருவேளை அடுத்த வருஷமும். கணக்கு டீச்சர் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த வரியைப் பதிவேட்டில் எழுதினால், இருபத்து நாலு அத்தியாயமும் கணக்குப் பாடத்துக்கு ஏதோ துணைக்கருவி என்றாகிவிடும். ஒன்பது வருஷம் ஒரு பெண்மணி பட்டப்பகலில் செய்த காரியம், இனி ஒளித்துச் செய்கிற காரியமாகிவிடும். கரையான்மேல் பழி போட மாட்டேன் என்று ஆபீசில் நின்றவரின் பையை வைத்துக்கொண்டு அதை எழுதக் கை வராது.

“கதைன்னே போடறேன் சார்.”

“மெமோ வரும் டீச்சர்.”

“வரட்டும் சார். புத்தகங்களும் இங்கதான் இருக்கு, என்கிட்ட. அதையும் எழுதிக்குங்க.”

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல உங்களுக்கு ஒரு மெமோகூட இல்ல. இந்த வயசுல எதுக்கு?”

“இத்தனை வருஷம் வாங்காம இருந்ததே தப்போன்னு இப்பத்தான் தோணுது.”

ஹெச்.எம். வராந்தாவில் கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஆற்றுக் கட்சி மறுபடி பெஞ்சில் ஏறியிருந்தது.

பள்ளி விட்டபின் கணக்கு டீச்சர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வேலைப் பதிவேட்டை எழுதினார். வெள்ளி, வகுப்பு எட்டு, பாடவேளை ஏழு, எட்டு. நடத்திய பகுதி என்ற கட்டத்தில், கதவு சுமக்கும் பூதத்தின் கதை, பதினாறாவது அத்தியாயம் இடம் கண்டது என்று எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமை பதினேழு. அதற்கடுத்த வாரம் பதினேழாவது தப்பென்று தெரிந்து மறுபடி பதினாறு; அதையும் அப்படியே எழுதினார். முதல் மெமோ வந்தபோது பழைய விளக்கத்தின் நகலைக் கிளார்க்கிடம் கேட்டு வாங்கி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார். இம்முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டார்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதிவேடு தலைமையாசிரியரின் மேஜைக்குப் போய்ச் சிவப்பு மையோடு திரும்பி வருகிறது: கணிதப் பகுதி நிலுவை, உடனே முடிக்கவும். எட்டாம் வகுப்பில் ஏழாம் பயிற்சியின் கடைசி நாலு கணக்குகள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, இன்னும் போடவில்லை.